கதவைச் சாத்தும் தேசங்கள்

ஒரு தேசம் உலக இணையத்தை விட்டு அடியோடு விலகி, தனக்குத் தானே ஒரு தனி உலகமாக வாழ முடியுமா? முடியாது என்போர் 2011-ஆம் வருஷத்து எகிப்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஜனங்கள் கெய்ரோ வீதிகளில் திரண்ட சமயம், விரல் விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகளுக்கு சர்க்கார் உத்தரவு போயிற்று. ஜனவரி 28-ஆம் தேதி விடிவதற்குள் தேசம் ஏறக்குறைய முழுவதும் இணையத்தை இழந்தது. ஆகவே, கதவைச் சாத்துவது பெரிய வித்தை அல்ல. சாத்திய கதவுக்குப் பின்னால் குடித்தனம் நடத்துவதுதான் கஷ்டம். எகிப்து சர்க்காரே ஐந்து நாளில் கதவைத் திறந்துவிட்டது. அதற்குள் நேர்ந்த நஷ்டம் குறைந்தது 9 கோடி டாலர் என்று பாரிஸில் உள்ள ஓ.இ.சி.டி. என்னும் பொருளாதார ஸ்தாபனம் கணக்கிட்டது. வீதியில் கூட்டமும் குறையவில்லை. பிப்ரவரி 11-ஆம் தேதி ஜனாதிபதி முபாரக் பதவி இழந்தார்.

எல்லாக் கதவையும் சாத்துவதால்தானே இந்தத் தொல்லை, வேண்டாத ஜன்னலை மட்டும் அடைத்தால் என்ன என்று கேட்கலாம். ருஷியா அதையும் செய்து பார்த்தது. 2018 ஏப்ரலில் டெலிகிராம் என்னும் செய்திச் சேவையைத் தடுக்கப் புறப்பட்டு, அது தங்கியிருந்த அமேசான், கூகிள் கம்பெனிகளின் முகவரிகளை லட்சக்கணக்கில் அடைத்தார்கள். ஒரு பாவமும் அறியாத வியாபாரங்கள் முடங்கின. டெலிகிராமோ ஓடிக்கொண்டே இருந்தது! 2020 ஜூனில் அந்தத் தடையை நீக்கினார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

ஈரான் சர்க்கார் இன்னும் சாமர்த்தியசாலி. பாங்கிகளும் சர்க்கார் காரியாலயங்களும் உள்ளுக்குள்ளேயே இயங்கும்படி ஓர் உள்நாட்டு வலையை முன்கூட்டியே அமைத்துக்கொண்டது. 2019 நவம்பரில் பெட்ரோல் விலை ஏறிக் கிளர்ச்சி மூண்டபோது, சுமார் ஒரு வாரம் வெளியுலகத் தொடர்பை அறுத்தது. உள்ளே பணம் புழங்கிற்று. ஆனால் வெளிநாட்டிலிருந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரின் க்ஷேமம் தெரியவில்லை. அந்தக் கிளர்ச்சியில் முன்னூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக ஆம்னெஸ்டி ஸ்தாபனம் பின்னால் அறிவித்தது. அந்த இருட்டிலே அவர்களுடைய அபயக் குரல் யார் காதில் விழுந்திருக்கும்?

சொந்த வலையும் சொந்த யந்திரங்களும் ஒரு தேசத்துக்கு அவசியமே. அதற்குச் சுயபலம் என்று பெயர். ஆனால் வீட்டுக்குச் சொந்தமாகக் கதவு செய்வது வேறு. அதை வெளியிலிருந்து பூட்டிச் சாவியை ஒருவரே இடுப்பில் செருகிக்கொள்வது வேறு. அந்நியர் நுழையாதிருக்கவே பூட்டினோம் என்கிறார்கள். பூட்டின வீட்டுக்குள் இருப்பவர்கள் யார் என்பதை நேயர்கள் யோசிக்கவேண்டும்.