முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்

டெல்லியில் குடியேறிய நம்மவர்கள் வீடுகளில் பெரும்பாலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் பரணில் கிடக்கும். வீடு மாறும்போதெல்லாம் லாரியில் ஏறி இறங்கி, பெயின்ட் உதிர்ந்து போயிருக்கும். தூக்கிப் போடவும் மனசு வராது. பையனின் முதல் பிறந்தநாள், ஊரில் தாத்தாவின் சதாபிஷேகம், இப்போது இல்லாதவர்களின் குரல் எல்லாம் அதற்குள்தானே இருக்கிறது? சரி, காப்பி எடுத்துவிடலாம் என்று எக்ஸ்டர்னல் டிஸ்கைச் சொருகினால் ஆமை வேகம். கடையில் கேட்டால், "நயா லே லோ சாப்" என்று ஒரே பதில்.

என் கட்சி இதுதான்: பெரும்பாலான வீடுகளுக்குப் புது மெஷின் வேண்டாம், ஒரு யூ.எஸ்.பி. கார்டு போதும். ஆனால் டப்பாவில் "3.0" என்று பார்த்ததும் பர்ஸைத் திறக்காதீர்கள். எந்தக் கார்டு என்பதை உங்கள் மதர்போர்டில் இருக்கும் ஸ்லாட்தான் சொல்லும், விளம்பரம் அல்ல.

முதலில் வேகக் கணக்கு. யூ.எஸ்.பி. 1.1 நொடிக்கு 12 மெகாபிட். நடைமுறையில் சுமார் 1 மெகாபைட். 40 ஜி.பி. டிஸ்கைக் காலி செய்ய 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2000-ல் வந்த 2.0 என்றால் 480 மெகாபிட்; அதே வேலை அரை மணிக்குள் முடியும். 2008-ல் வந்த 3.0-க்கு 5 ஜிகாபிட்.

இப்போது ஸ்லாட். நீளமான பழைய பி.சி.ஐ. மட்டும் இருந்தால் 2.0 கார்டே வாங்குங்கள். அந்தப் பாதையில் மொத்தமே நொடிக்கு 133 மெகாபைட்தான், அதையும் மற்ற கார்டுகளோடு பங்கு போட வேண்டும். அதில் 3.0 கார்டைச் செருகுவது முட்டுச் சந்தில் வால்வோ பஸ் விடுகிற கதை :-)

பக்கத்தில் குட்டியாக ஒரு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இருந்தால் அதிர்ஷ்டம். அதன் முதல் தலைமுறையே நொடிக்கு 250 மெகாபைட் தரும். 3.0-ன் முழு வேகம் கிடைக்காது. ஆனால் கையடக்க ஹார்ட் டிஸ்குக்கு அதுவே தாராளம். தைரியமாக 3.0 வாங்கலாம். ஒன்றின் கார்டு மற்றதில் பொருந்தாது, அழுத்திப் பார்க்காதீர்கள்.

நம் அரைகுறை இந்தியில் இதையெல்லாம் கடைக்காரருக்கு விளக்குவதைவிட, மூடியைத் திறந்து செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நேரு பிளேஸ் போவது உத்தமம். (பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும்!) படத்தில் மூன்று விஷயம் தெரியட்டும்: ஸ்லாட், கேபினெட்டின் உயரம், எஸ்.எம்.பி.எஸ்.-ல் சும்மா தொங்கும் ஒயர். ஒல்லியான கேபினெட் என்றால் குட்டை பிராக்கெட் உள்ள கார்டு வேண்டும். ஒயர் எதற்கு என்றால், 3.0 போர்ட் ஒவ்வொன்றும் 900 மில்லி ஆம்பியர் வரை கேட்கலாம். நான்கு போர்ட் என்றால் 18 வாட். அதனால்தான் பல கார்டுகளில் தனி பவர் இணைப்பு இருக்கிறது. அது நான்கு முள் மோலெக்ஸா, சாட்டாவா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்து டிரைவர். 2.0 கார்டு எக்ஸ்பி சர்வீஸ் பேக் 1 முதல் பிரச்சினை செய்யாது. 3.0 விண்டோஸ் 8-ல்தான் உள்ளேயே வந்தது. விண்டோஸ் 7 என்றால் கார்டில் உள்ள சிப் ரெனசாஸா, வியாவா, ஏ.எஸ்.மீடியாவா என்று பார்த்து, டிரைவரை முன்கூட்டியே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். லினக்ஸில் 2009-ன் 2.6.31 கெர்னல் முதலே 3.0-க்கு ஆதரவு உண்டு. கீபோர்டு மட்டும் பழைய போர்ட்டிலேயே இருக்கட்டும்; பல பயாஸ்களுக்குப் புதுக் கார்டு கண்ணில் படாது.

கார்டு எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. ஒரே தடவை காப்பி எடுத்தால் போதும் என்றால், டிஸ்கைக் கழற்றி ஒரு கன்வர்ட்டர் கேபிளில் மாட்டினால் வேலை முடிந்தது. எக்ஸ்பிக்கு 2014-லும், விண்டோஸ் 7-க்கு 2020-லும் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. கார்டு போட்டதால் மெஷின் இளமையாகிவிடாது, அதில் பேங்க் வேலை வேண்டவே வேண்டாம். பிரின்டருக்கும் ஸ்கேனருக்கும், பிள்ளைகள் தமிழ் டைப்பிங் பழகவும் இன்னும் சில வருஷம் ஓடும்.

"கபாடிக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்களேன்" என்பார்கள். அப்படிப் போகும் மெஷின்கள் சீலம்பூர் பக்கம் என்ன ஆகின்றன என்று டெல்லிக்காரர்களுக்குத் தெரியும். போர்டை எரித்தும் ஆசிடில் முக்கியும் செம்பைப் பிரிக்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பதும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைதான். போட்டே ஆக வேண்டும் என்றால் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். அதற்கு முன்னால் தாத்தாவின் வீடியோவை இரண்டு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். ஒன்று இங்கே, ஒன்று ஊரில்.