சான்றிதழும் சட்டைப்பையும்

பென்ஸ், பி.எம்.டபிள்யூ., ஆடி ஆகிய நிறுவனங்கள் பழைய சொகுசுக் கார்களைச் சோதித்து, சான்றளித்து, தங்கள் முகவர்கள் மூலம் விற்கின்றன. சில ஆண்டுகள் ஓடிய வண்டி புது விலையில் பாதியளவுக்குக் கிடைக்கும்போது, பெங்களூரில் மாதச் சம்பளம் வாங்கும் நம்மவர்களுக்கும் ஆசை எழுவது இயற்கையே.

சான்றிதழ் வீண் என்று நாம் கூறவில்லை. தரகரை நம்பி வாங்குவதைவிட அது மேல். ஆனால் டயர், பிரேக் கட்டை போன்ற தேய்மானப் பொருள்கள் உத்தரவாதத்தில் பொதுவாக அடங்கா. பழைய கார் என்பதற்காக உதிரிபாகங்களின் விலையும் குறைவதில்லை. வண்டி விலைதான் பாதி. பராமரிப்புச் செலவோ முழுமை.

பழைய கடன் பதிவுச் சான்றிலிருந்து நீக்கப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 30 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவிப்பதும், 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸை மாற்ற மனுச் செய்வதும் வாங்குபவரின் கடமை. தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோய் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கு மறுபதிவும் அவசியம்.

உத்தரவாதம் முடிந்த மறுமாதச் செலவையும் இன்றே கணக்கிடுவது நலம். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தைத் தொட்டால்தான் கணக்கு நேராகும் என்றால், சிறிய காரே போதும்.