கரும்புக்குக் கடல்பாசிச் சாறு: நிறுத்துப் பார்த்து நம்புங்கள்!

கடலில் விளைவது பாசி. வயலில் விளைவது கரும்பு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு!

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன் கடலோரம் பெண்கள் பாசி வளர்க்கிறார்கள். மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி, அதில் பாசித் துண்டுகளை முடிந்து கடலில் விடுகிறார்கள். சுமார் 45 நாளில் பாசி அறுவடைக்கு வந்துவிடும். அதன் பெயர் கப்பாபைகஸ்.

பச்சைப் பாசியைப் பிழிந்தால் சாறு கிடைக்கும். இதற்கு வழி கண்டது, குஜராத்தில் பவநகரில் உள்ள மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையம். சாற்றைத் தண்ணீரில் கலந்து பயிர் மீது தெளிக்கிறார்கள்.

இந்தச் சாற்றில் சாம்பல் சத்து இருக்கிறது. வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களும் சிறிதளவு இருக்கின்றன. வேர் ஓடவும், தூர் கட்டவும், வறட்சியைத் தாங்கவும் இவை பயிருக்குத் துணை செய்கின்றன.

உரம் அல்ல!

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இது சோறு அல்ல. பசியைத் தூண்டும் கஷாயம். கஷாயத்தை மட்டும் கொடுத்துப் பிள்ளையை வளர்க்க முடியுமா? தொழு உரமும் யூரியாவும் தண்ணீரும் குறைந்தால், சாறு மட்டும் கரும்பைக் காப்பாற்றாது.

இத்தகைய சாறுகளுக்கு "உயிரி ஊக்கி" என்று பெயர். 2021-ம் ஆண்டில் மத்திய அரசு இவற்றை உரக் கட்டுப்பாட்டு உத்தரவில் சேர்த்தது. யூரியா வாங்க வருகிறவர்களிடம் இவற்றைக் கட்டாயப்படுத்தி விற்பதைத் தடுக்கும்படி, 2025 ஜூலையில் மத்திய விவசாய மந்திரி சிவராஜ் சிங் சவுகான் மாநில முதல் மந்திரிகளுக்குக் கடிதம் எழுதினார்.

ஆகவே, "இந்தப் பாட்டிலையும் எடுத்தால்தான் யூரியா" என்று யாராவது சொன்னால் துணிந்து மறுக்க வேண்டும். நல்ல சரக்குக்குக் கட்டாயம் எதற்கு?

சோதனை செய்யுங்கள்

சாறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோதித்து வாங்குங்கள் என்கிறேன்.

ஒரே நாளில் நட்ட கரும்பில் பாதிக்குச் சாறு தெளியுங்கள். மறு பாதியை விட்டுவிடுங்கள். உரமும் தண்ணீரும் இரண்டுக்கும் சமமாக இருக்கட்டும். வெட்டும்போது தனித்தனி லோடாக ஏற்றி, தனித்தனியே எடைச் சீட்டு வாங்குங்கள்.

சாற்றின் விலை, தெளிப்புக் கூலி இரண்டையும் வீட்டில் படிக்கும் பிள்ளை நோட்டில் எழுதி வைக்கட்டும். கூடுதல் எடைக்குக் கிடைத்த பணம் அந்தச் செலவைவிட அதிகமா? அடுத்த வருஷம் வயல் முழுவதும் தெளிக்கலாம். இல்லையா? பணத்தை முடிந்து வையுங்கள்.

பாட்டிலில் ஒட்டிய காகிதம் ஆயிரம் சொல்லும். தராசு சொல்வதைக் கேளுங்கள்!