சின்னத் தொட்டி, பெரிய பொய்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒரு கல்லூரி மாணவர் மீன் கடைக்குள் நுழைகிறார். பையில் மூன்று மாதமாகச் சேர்த்து வைத்த காசு. கண்ணாடிக்குப் பின்னால் ஆரஞ்சு உடம்பும் வெள்ளைப் பட்டையுமாக ஒரு மீன் ஆடி ஆடி வருகிறது.

"அண்ணே, இது நெமோதானே?"

"ஆமா தம்பி."

"வளக்குறது ரொம்ப கஷ்டமாண்ணே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. முதல்ல சின்னத் தொட்டியா வாங்கி ஆரம்பிங்க. கை பழகினதும் பெருசா வாங்கிக்கலாம்."

ஒரு மணி நேரத்தில் இருபது லிட்டர் தொட்டி, பில்டர், லைட், ஒரு பாக்கெட் உப்பு, பிளாஸ்டிக் பையில் இரண்டு மீன்கள் எல்லாம் ஆட்டோவில் ஏறிவிடுகின்றன. ராத்திரி எட்டு மணிக்கு மேசை மேல் ஒரு குட்டிக் கடல். செல்போனில் நாலு போட்டோ. நண்பர்கள் வந்து பார்த்து "சூப்பர் மச்சி" சொல்லிவிட்டுப் போகிறார்கள். வியாழக்கிழமை காலையில் இரண்டு மீன்களும் பக்கவாட்டில் மிதக்கின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கடை, மறுபடியும் இரண்டு மீன்கள்.

இது யாரோ ஒருவருடைய கதை இல்லை. உப்புத் தண்ணீர் தொட்டி வைக்க ஆசைப்பட்டவர்களில் பலருடைய முதல் மாதம் இப்படித்தான் போகிறது. பிறகு யாராவது "ஆரம்பத்தில் செய்யும் பத்து தப்புகள்" என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். பட்டியலில் இருப்பதெல்லாம் சரிதான். ஆனால் பழி முழுக்க வாங்கினவர் தலையில் விழுந்துவிடுகிறது. உண்மையில் முதல் தப்பு கடையிலேயே நடந்து முடிந்துவிட்டது. "சின்னதா ஆரம்பிங்க" என்ற அந்த ஒரு வாக்கியம்தான் அது.

சைக்கிள் பழக சின்ன சைக்கிள் சரி. சமையல் பழக சின்னப் பாத்திரம் சரி. கடல் பழக சின்னத் தொட்டி என்பது மட்டும் தலைகீழ் பாடம். தொட்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு கஷ்டம். ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

உப்புக் கணக்கு

கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. இருபது லிட்டர் தொட்டியில் 700 கிராம். மே மாதம், மேலே ஃபேன் ஓடுகிறது. இரண்டு லிட்டர் ஆவியாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். போனது தண்ணீர் மட்டும்தான், உப்பு போகாது. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. இப்போது பதினெட்டு லிட்டரில் அதே 700 கிராம். லிட்டருக்கு கிட்டத்தட்ட 39 கிராம்!

இதே 200 லிட்டர் தொட்டி என்றால்? அகலம் அதிகம், அதனால் ஆவியாவதும் அதிகம். தாராளமாக ஆறு லிட்டர் போகட்டும். அப்போதும் லிட்டருக்கு 36 கிராம்தான். மீனுக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது.

இதோடு நின்றால் பரவாயில்லை. தண்ணீர் குறைந்ததைப் பார்த்த புதியவர், "கடல் தொட்டியாச்சே" என்று உப்பு கரைத்த தண்ணீரையே ஊற்றி நிரப்புகிறார். ஊற்ற வேண்டியது உப்பில்லாத சுத்தமான தண்ணீர். அதை யாரும் சொல்லவில்லை. முதல் முறை ஊற்றியதும் 38.5 கிராம். இரண்டாவது முறை 42. நாலாவது முறை 49. கடல் மீன் ஓயாமல் கடல் தண்ணீரைக் குடித்து, மிச்ச உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளித்தான் உயிர் வாழ்கிறது. அந்த வேலைப்பளுவை வாராவாரம் ஏற்றிக்கொண்டே போனால் அது எத்தனை நாள்தான் தாங்கும்?

கண்ணுக்குத் தெரியாத விஷம்

"தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு, எப்படிச் செத்துச்சுன்னே தெரியல." மீன் செத்த வீட்டில் கேட்கும் வசனம் இது. அமோனியாவுக்கு நிறம் கிடையாது. தண்ணீர் பளபளவென்று இருக்கும்போதே மீன் செத்துக்கொண்டிருக்கும்.

மீன் மூச்சு விட்டாலும் கழிவு போட்டாலும் அமோனியா வரும். மிஞ்சின தீனி அழுகினாலும் வரும். தொட்டியில் ஒருவகை பாக்டீரியா வளர்ந்து அமோனியாவை நைட்ரைட்டாக மாற்ற வேண்டும். இன்னொரு வகை வந்து நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற வேண்டும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது ஓரளவுக்குத் தாங்கக்கூடியது. இந்த பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் பில்டர் பஞ்சிலும் ஒட்டிக் குடும்பம் நடத்த சாதாரணமாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அந்தத் தொட்டி வெறும் உப்புத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிதான். கடல் இல்லை.

தங்க மீன் வளர்த்துப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அங்கேயும் அமோனியா உண்டு, ஆனாலும் பல மீன்கள் சமாளித்துவிடுகின்றன. காரணம் பிஹெச். நன்னீர்த் தொட்டியில் அது 7-க்குப் பக்கத்தில் இருக்கும். கடல் தண்ணீரில் 8.1, 8.2. இந்த வித்தியாசத்தில் அமோனியாவின் விஷ வடிவம் பத்து மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. அங்கே பிழைத்த அலட்சியம் இங்கே பிழைக்காது.

இதற்குக் கடைகளில் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். "முதல்ல ரெண்டு டாம்செல் விடுங்க. அது கெட்டி மீன். அது தாங்கிடுச்சுன்னா தொட்டி ரெடி." அதாவது விஷம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு உயிரை உள்ளே தள்ளுவது. இந்த வேலையைச் செய்ய டெஸ்ட் கிட் என்று ஒன்று இருக்கிறது. ஒரு குழாய் தண்ணீர், சில சொட்டு மருந்து, நிறத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டுமென்றால் ஒரு சின்ன இறால் துண்டு போதும். அது அழுகி அமோனியா தரும், யாருக்கும் வலிக்காது. அப்படியே அந்த டாம்செல் பிழைத்துவிட்டாலும் நிம்மதியில்லை. தொட்டி முழுக்கத் தன் பட்டா நிலம் என்று நினைத்துக்கொண்டு பின்னால் வரும் நெமோவைத் துரத்தித் துரத்திக் கடிக்கும்.

பாடுபட்டு வளர்ந்த பாக்டீரியாவையும் கொல்ல ஒரு வழி இருக்கிறது. பில்டர் பஞ்சு அழுக்காயிருக்கிறதே என்று குழாய்த் தண்ணீரில் பிழிந்து கழுவுவது. குழாய்த் தண்ணீரில் குளோரின். ஆறு வாரக் குடித்தனம் அஞ்சு நிமிடத்தில் காலி. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும்.

கல் உப்பு கடல் ஆகுமா?

காசை மிச்சம் பிடிக்கிற மூளைகள் கண்டுபிடித்த இன்னொரு வழி, பலசரக்குக் கடை கல் உப்பு. "அதுவும் கடல்லேர்ந்துதானே வருது?" கேள்வி நியாயம்தான். பதில் உப்பளத்தில் இருக்கிறது. பாத்தியில் கடல் தண்ணீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி முதலிலேயே அடியில் படிந்துவிடும். பிறகு சமையல் உப்பு பூக்கும். மக்னீசியம் நிறைந்த கசப்புத் தண்ணீரைக் கடைசியில் வடித்து வெளியே விட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வருவது கடலில் ஒரு பங்கு மட்டும். நிஜக் கடலில் லிட்டருக்கு சுமார் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் 400 மில்லிகிராம் கால்சியமும் இருக்கின்றன. கல் உப்பைக் கரைத்தால் சாம்பாருக்கு ஆகும், மீனுக்கு ஆகாது. இதற்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவைதான் வேண்டும். அதையும் தனி வாளியில், முந்தின நாளே கரைத்து வைத்துவிட்டு அளந்து பார்க்க வேண்டும். மீன் இருக்கும் தொட்டியில் நேராகக் கொட்டுவது குற்றம்.

கரண்ட் போனால்?

பவளப்பாறை மீன்களுக்கு 24 முதல் 27 டிகிரி வரை இதமான சூடு. சென்னையில் மே மாதத்து மொட்டைமாடி அறை எத்தனை டிகிரி என்று அதில் குடியிருக்கும் மாணவர்களிடம் கேட்டால் தெரியும். சின்னத் தொட்டி சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் குளிரும். தொட்டியோடு கடையில் ஹீட்டரைக் கட்டிக் கொடுக்கிறார்கள். நம் ஊருக்கு வேண்டியது ஹீட்டர் இல்லை, தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர். அதன் விலை சில சமயம் தொட்டியைவிட அதிகம். அதனால்தான் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

இன்னொன்று. ஒரே சூட்டில் கடல் தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன், நல்ல தண்ணீரைவிட சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சூடு ஏற ஏற இன்னும் குறையும். இந்த நிலையில் கரண்ட் போய் பம்ப் நின்றால்? 2012-ல் தமிழ்நாட்டு மாவட்டங்கள் பட்ட மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அந்த அளவுக்கு இல்லைதான். ஆனால் ஒரு மழை, ஒரு புயல் போதும். பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஏர் பம்ப் பெரிய செலவில்லை. தொட்டியோடு சேர்த்து அதை வாங்கச் சொல்லும் கடை எத்தனை?

செத்தது எங்கிருந்து வந்தது?

இதுவரை சொன்னதெல்லாம் காசு நஷ்டம் மட்டும் என்றால் இவ்வளவு கோபம் தேவையில்லை. கப்பி, மோலி எல்லாம் பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களில் பெரும்பாலானவை இன்னமும் பவளப்பாறையிலிருந்து பிடித்து வரப்படுபவை. பிலிப்பைன்சில் 1960-களிலிருந்தே பாறை இடுக்கில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி, மீன் மயங்கியதும் அள்ளும் பழக்கம் உண்டு. அதில் மீன் மட்டும் மயங்குவதில்லை, பக்கத்திலிருக்கும் பவளமும் சாகிறது.

2003-ல் வந்த ஃபைண்டிங் நெமோ படத்தின் கதையே, கடலிலிருந்து பிடித்துப்போன பிள்ளையைத் தேடி அப்பா மீன் போவதுதான். அந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள்தான் கடைக்குப் போய் "நெமோ இருக்கா?" என்கிறார்கள். கூட ஒரு டோரியும் கேட்கிறார்கள். டோரி வளர்ந்தால் சுமார் முப்பது சென்டிமீட்டர். இருபது லிட்டர் தொட்டியில் அது திரும்பக்கூட முடியாது. அந்த இனத்தை மனிதர்கள் முதல் முறையாகத் தொட்டியில் பிறக்க வைத்ததே 2016-ல்தான், புளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள்.

"அழகுக்கு ரெண்டு பவளக் கல் வைங்க" என்பவர்களும் இருக்கிறார்கள். 2001-ல் பவளங்களும் கடல் குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி தேசியப் பூங்கா அமைத்துக் காப்பதும் இந்தப் பவளங்களுக்காகத்தான். அங்கிருந்து உடைத்து வந்த கல்லை ஹால் அலங்காரமாக வைப்பவருக்கும், புலி நகத்தைச் சங்கிலியில் கோத்துப் போடுபவருக்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. செயற்கைக் கல்லிலும் பாக்டீரியா நன்றாகவே ஒட்டும்.

"எல்லாரும் கொன்னுதான் கத்துக்கிட்டோம்"

பழைய கைகள் சிலர் சொல்லும் நியாயம் இது. நீச்சல் கற்றுக்கொள்பவர் தானே தண்ணீர் குடித்துக் கற்கிறார். இங்கே பாடம் ஒருவருக்கு, ஃபீஸ் கட்டுவது இன்னொரு உயிர்.

இன்னொரு நியாயம் கொஞ்சம் கனமானது. "பெரிய தொட்டி, சில்லர், டெஸ்ட் கிட்டுன்னா அது பணக்காரங்க பொழுதுபோக்கு ஆகிடாதா?" ஆகத்தான் செய்யும். அதை மறைத்து விற்பதுதான் ஏமாற்று வேலை. இருபது லிட்டரில் வருடக்கணக்காக அழகாக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தினமும் உப்பை அளந்து, தினமும் நல்ல தண்ணீர் ஊற்றி, வாராவாரம் தண்ணீர் மாற்றும் அனுபவசாலிகள். சின்னத் தொட்டி அவர்கள் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம். மற்றவர்கள் தொடங்க வேண்டிய இடம் இல்லை.

வசதி இல்லாதவருக்கு நன்னீர் மீன்கள் இருக்கின்றன. ஒரு கப்பித் தொட்டியை ஒரு வருடம் சாகாமல் காப்பாற்றியவர் கடலுக்குப் பாதி தயார். வசதி இருப்பவருக்குத் தேவை நூறு லிட்டருக்குக் குறையாத தொட்டி, மீனே இல்லாத ஆறு வாரம், அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று காட்டும் டெஸ்ட் கிட், பிறகு ஒரே ஒரு மீன். அதுவும் பொரிப்பகத்தில் பிறந்த மீனாக இருந்தால் நல்லது. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் கோமாளி மீன்களையும் சில டாம்செல் வகைகளையும் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். கடலைத் தொடாமலே நெமோ கிடைக்கும். "இது பண்ணை மீனா, கடல்ல புடிச்சதா?" என்று வாங்குபவர் கேட்க ஆரம்பித்தால், கடைக்காரரும் பதில் தேட ஆரம்பிப்பார்.

சரியாக வளர்த்தால் கோமாளி மீன் தொட்டியில் இருபது வருடம்கூடத் தாண்டும். அந்தக் கல்லூரி மாணவர் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணி, அவர் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை அதே மீன் கூட இருக்கும். அப்படிப்பட்ட உயிரை ஞாயிறு வாங்கி வியாழன் குப்பையில் போடுவதற்குப் பெயர் பொழுதுபோக்கு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குப் போகட்டும். தொட்டி வாங்கட்டும், உப்பு வாங்கட்டும், டெஸ்ட் கிட் வாங்கட்டும். மீனை மட்டும் வாங்காமல் வீட்டுக்கு வரட்டும்.