இரண்டரை எக்டேருக்கு அரைக் கிலோ மண்

தமிழ்நாடு வேளாண்மை – உழவர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம், பாசன நிலத்தில் 2.5 எக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 எக்டேருக்கு ஒன்று என்று அளவு வகுத்தது. தமிழ்நாட்டு உழவரின் சராசரி நிலமோ 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 எக்டேர்தான். ஆக, மூன்று குடும்பத்து வயல்களுக்கும் சேர்த்து அரைக் கிலோ மண். ஒருவர் ஆண்டுதோறும் ஆட்டுக்கிடை போடுபவராக இருக்கலாம். அடுத்தவர் டிஏபியை மட்டுமே நம்புபவர். மூன்றாமவர் மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்பியதில் பாதி வயலின் மேல்மண்ணையே இழந்தவர். மூவருக்கும் கிடைப்பது ஒரே எண்கள்.

மணிச்சத்தை (பாஸ்பரஸ்) மட்டும் எடுத்துக்கொள்வோம். மண் பரிசோதனை செய்யாதபோது, நடுத்தர, நீண்டகால நெல் ரகங்களுக்கு எக்டேருக்கு 50 கிலோ என்பது பொதுப் பரிந்துரை. ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை டிஏபி. தழைச்சத்தைப் போல மணிச்சத்து எளிதில் கரைந்து ஓடிவிடாது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு போகத்துக்குப் போகம் சேரும். நிறைந்து கிடக்கும் வயலில் மேலும் கொட்டினால் 1,350 ரூபாய் மூட்டை வீணாவது ஒருபுறம், பயிர் துத்தநாகம் எடுப்பதும் தடைப்படுகிறது. இலையில் துரு நிறப் புள்ளி விழுந்த பிறகு ஜிங்க் சல்பேட்டுக்கு அதே உரக்கடையில் போய் நிற்க வேண்டும்.

எத்தனை எக்டேருக்கு ஒரு மாதிரி என்பதை அலுவலகத்தில் முன்கூட்டியே முடிவு செய்வதுதான் கோளாறு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில், தோண்டிப் பார்த்த சில இடங்களை வைத்துத் தோண்டாத இடத்தின் தாதுவைக் கணிக்க டேனி கிரிகே 1951-இல் ஒரு வழி சொன்னார். பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜார்ஜ் மாத்தரோன் அதை வளர்த்தெடுத்தார். கிரிகே பெயராலேயே அது ‘கிரிகிங்’ ஆயிற்று. தங்கத்துக்குப் போட்ட கணக்கு மணிச்சத்துக்கும், சாம்பல் சத்துக்கும், துத்தநாகத்துக்கும் பொருந்தும். எத்தனை மீட்டர் தள்ளிப்போனால் இரண்டு மாதிரிகளுக்குள் ஒற்றுமை அறுகிறது என்று முதலில் அளந்துவிட்டால், மண் அதிகம் மாறாத இடத்தில் எட்ட எட்டவும், மாறும் இடத்தில் நெருக்கமாகவும் எடுக்கலாம். ஆய்வகத்தின் சுமையைப் பெரிதாகக் கூட்டாமலே மண்வளப் படம் தெளியும்.

தழைச்சத்தை இந்தப் படத்தில் தேட வேண்டாம். அது வாரத்துக்கு வாரம் மாறுவது. அதற்கு இலை வண்ண அட்டை போதும்: நெல் நட்ட 14-ஆம் நாளிலிருந்து பார்க்கத் தொடங்கி, வெள்ளைப் பொன்னியில் 3-க்கும் மற்ற ரகங்களில் 4-க்கும் கீழே அட்டையின் நிற எண் குறைந்தால் மட்டும் யூரியா. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்வரை கையைக் கட்டுப்படுத்துவது கடினம்தான். அந்த விலை டெல்லியின் கையில். மண் எடுக்கும் இடமாவது தங்கள் கையில் இருக்கிறது.

மண்ணைப் பார்த்து உரம் தருவதற்கு முன்னுதாரணம் உண்டு. கர்நாடகம் 2009-இல் இக்ரிசாட் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து ‘பூசேதனா’ திட்டத்தைத் தொடங்கியது. மானாவாரி நிலங்களில் கந்தகம், போரான், துத்தநாகம் குறைந்திருப்பதைக் கண்டதோடு நிற்காமல், அந்தச் சத்துகள் ரைத சம்பர்க்க (உழவர் தொடர்பு) மையங்களில் மானிய விலையில் கிடைக்கவும் வழி செய்தது.

தமிழ்நாட்டில் டெல்டாவில் ஒரு குறுவட்டம், கொங்குப் பகுதியில் ஒரு குறுவட்டம் என்று தொடங்கலாம். கோடையில் வயல் காய்ந்து கிடக்கும்போது மாதிரி எடுத்து, சம்பா நடவுக்கு முன்பே, புல எண் வாரியான படத்தைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் உரக் கிடங்கில் ஒட்ட ஆணையிடுங்கள். உழவர் மூட்டைக்குப் பணம் கட்டுவது அங்கேதான்.