வானத்தில் இருந்து வயல் கணக்கு: டெண்டர் கம்பெனிக்கு... இழப்பீடு யாருக்கு? கடைமடை விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

அதிராம்பட்டினம்:-

ஒரு காலத்தில் வயலில் என்ன பயிர் நிக்குது, எத்தனை மூட்டை கண்டது என்று சொல்ல ஊருக்கு ஒரு கிராம நிர்வாக அலுவலர் போதும். அடங்கலில் அவர் எழுதியதுதான் கணக்கு. இப்போது அந்தக் கணக்கை எடுக்க செயற்கைக்கோள், செல்போன் ஆப், கம்ப்யூட்டர் என்று பெரிய கூட்டமே வந்து விட்டது. அதன் பின்னால் வருவது டெண்டர். டெண்டருக்குப் பின்னால் வருவது "டேட்டா கம்பெனிகள்".

பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம், ராஜாமடம் பக்கம் உள்ள விவசாயிக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். இருக்கிறது. சம்பா பயிர் மூழ்கினால் ஏக்கருக்கு எவ்வளவு இழப்பீடு வரும் என்பதை இனி முடிவு செய்வதில் இந்தக் கம்பெனிகளின் கணக்குக்கும் பங்கு உண்டு.

கஜா கற்றுத் தந்த பாடம்

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதியில் தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்தன. விழுந்த மரத்துக்கு ரூ.600, அதை வெட்டி அப்புறப்படுத்த ரூ.500, ஆக மொத்தம் ஒரு மரத்துக்கு ரூ.1,100 நிவாரணம் என்று அரசு அறிவித்தது.

அப்போது மரங்களை எண்ணியது மனிதர்கள். வருவாய்த்துறை, வேளாண்துறை, தோட்டக்கலைத்துறை ஊழியர்கள் தோப்பு தோப்பாக ஏறி இறங்கினார்கள். கணக்கில் தப்பு இருந்தால் அந்த அலுவலரைப் பார்த்து "சார், என் தோப்புல இன்னும் இருக்கு, வந்து பாருங்க" என்று கூப்பிட முடிந்தது. கணக்கு எடுப்பவர் முகம் தெரிந்தவர். அவர் உட்காரும் ஆபீசும் தெரியும்.

இப்போது கணக்கு எடுக்கும் கண் பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணக்கு போடுகிற ஆள் ஐதராபாத்திலோ, பெங்களூருவிலோ, டெல்லி பக்கத்திலோ உட்கார்ந்திருக்கலாம். தப்பு என்றால் யாரைக் கூப்பிடுவது? இதுதான் இப்போது எழுந்துள்ள கேள்வி.

தமிழகம்தான் முன்னோடி

இந்த விஷயத்தில் தமிழகம் பின்தங்கிய மாநிலம் அல்ல. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், சுவிட்சர்லாந்து நாட்டின் சார்மேப் நிறுவனம் ஆகியவை சேர்ந்து "ரைஸ்" என்ற பெயரில் ரேடார் செயற்கைக்கோள் மூலம் நெல் பரப்பையும் விளைச்சலையும் கணக்கிடும் திட்டத்தை நடத்தின. 2017-ம் ஆண்டு பயிர்க்காப்பீட்டில் அந்தக் கணக்கைப் பயன்படுத்தி தமிழகம் முன்னோடி ஆனது.

ரேடார் ஏன் என்றால் காரணம் எளிது. சம்பா சீசன் என்றாலே வடகிழக்கு பருவமழை. மேகம் மூடிக் கிடக்கும். சாதாரண கேமரா செயற்கைக்கோளுக்கு அடியில் உள்ள வயல் தெரியாது. ரேடார் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். வயலில் தண்ணீர் நிற்கிறதா, நாற்று நட்டாச்சா, பயிர் வளர்கிறதா என்பதைச் சொல்லும்.

இதில் ஒரு வேடிக்கை. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2014-ல் அனுப்பிய சென்டினல்-1ஏ என்ற செயற்கைக்கோளின் படங்கள் உலகத்துக்கே இலவசம். படம் இலவசம் என்றால் கம்பெனிக்கு எதற்குக் காசு? அந்தப் படத்தை வைத்து "இந்த வருவாய் கிராமத்தில் எக்டேருக்கு இத்தனை கிலோ" என்று சொல்லும் கணக்குக்குத்தான் காசு.

ரூ.824 கோடி

மத்திய அரசு 2023 ஜூலையில் "யெஸ்-டெக்" என்ற திட்டத்தையும், "விண்ட்ஸ்" என்ற திட்டத்தையும் தொடங்கியது. முதலாவது, தொழில்நுட்பம் மூலம் விளைச்சலைக் கணக்கிடுவது. இரண்டாவது, ஊராட்சி அளவில் தானியங்கி மழைமானியும், வட்டார அளவில் தானியங்கி வானிலை நிலையமும் அமைத்து விவரம் சேகரிப்பது.

2025 ஜனவரி 1-ந் தேதி மத்திய மந்திரிசபை இந்த வகை தொழில்நுட்பப் பணிகளுக்கு என ரூ.824.77 கோடி நிதிக்கு ஒப்புதல் கொடுத்தது. யெஸ்-டெக் திட்டத்தை செயல்படுத்தும் 9 பெரிய மாநிலங்களில் தமிழகமும் ஒன்று என்று அப்போது அறிவிக்கப்பட்டது. மத்தியபிரதேசம் ஒரு படி மேலே போய், பயிர் அறுவடை பரிசோதனையையே நிறுத்தி விட்டு முழுக்க தொழில்நுட்பக் கணக்குக்கு மாறி விட்டது.

இதற்கு முன்பே 2024 செப்டம்பர் 2-ந் தேதி ரூ.2,817 கோடி மதிப்பிலான டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் தரப்பட்டது. விவசாயிகளுக்கு தனி அடையாள எண், டிஜிட்டல் பயிர் சர்வே எல்லாம் இதில் அடக்கம்.

இவ்வளவு பணமும் வேலையாக மாறும்போது மென்பொருள், படக்கணக்கு, மழைமானி, களப்பணி என்று தனித்தனி ஒப்பந்தங்கள் வருகின்றன. டேட்டா கம்பெனிகளுக்கு இது நல்ல காலம்தான்.

ஏக்கருக்கு ரூ.1,800 வித்தியாசம்

விவசாயியின் மடியில் கை வைக்கும் இடம் இதுதான். பயிர்க்காப்பீட்டில் பிரீமியம் குறுவைக்கு 2 சதவீதம், சம்பாவுக்கு 1.5 சதவீதம் விவசாயி கட்டுகிறார். மீதியை மத்திய, மாநில அரசுகள் போடுகின்றன. இழப்பீடு தனி ஆள் வயலைப் பார்த்து வருவதில்லை. வருவாய் கிராமம் முழுவதுக்கும் சராசரி விளைச்சல் பார்ப்பார்கள். முந்தைய 7 ஆண்டுகளில் நல்ல 5 ஆண்டுகளின் சராசரியை வைத்து "உத்தரவாத மகசூல்" ஒன்று முடிவு செய்வார்கள். அதற்குக் கீழே எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு இழப்பீடு.

இந்த வருட மகசூலை அறிய 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் வயலில் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அதுதான் பயிர் அறுவடை பரிசோதனை. யெஸ்-டெக் வந்த பிறகு விதிப்படி நெல்லுக்கு குறைந்தது 30 சதவீதம் தொழில்நுட்பக் கணக்கையும் சேர்க்க வேண்டும்.

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். ஒரு கிராமத்தின் உத்தரவாத மகசூல் எக்டேருக்கு 4,000 கிலோ என்று வைத்துக் கொள்வோம். ஏக்கருக்கு காப்பீட்டுத் தொகை ரூ.30 ஆயிரம். அறுத்து எடை போட்டதில் 2,800 கிலோதான். குறைவு 30 சதவீதம். இழப்பீடு ரூ.9 ஆயிரம்.

இப்போது செயற்கைக்கோள் கணக்கு 3,600 கிலோ என்று சொல்கிறது. எடை போட்டதில் 70 சதவீதம், செயற்கைக்கோளில் 30 சதவீதம் எடுத்துக் கூட்டினால் 3,040 கிலோ. குறைவு 24 சதவீதமாக இறங்கி விடும். இழப்பீடு ரூ.7 ஆயிரத்து 200. ஒரே வயல், ஒரே வெள்ளம். ஆனால் ஏக்கருக்கு ரூ.1,800 போச்சு.

மாறியும் நடக்கலாம். செயற்கைக்கோள் 2,000 கிலோ என்று சொன்னால் சேர்த்த கணக்கு 2,560 கிலோ. இழப்பீடு ரூ.10 ஆயிரத்து 800 ஆகும். ஆக, தொழில்நுட்பம் விவசாயிக்கு எதிரி என்று சொல்ல முடியாது. அறுவடை பரிசோதனையில் ஆள் பார்த்து வயல் பார்ப்பதாக காலங்காலமாக எழும் புகாருக்கு அது மருந்தாகவும் ஆகலாம். கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

கடைமடைக்கு தனி சிக்கல்

கல்லணைக் கால்வாய் பாசனத்தின் கடைமடை இந்தப் பகுதி. மேல்மடையில் நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கும்போது, இங்கே தண்ணீருக்குக் காத்திருப்பார்கள். ஒரே கிராமத்தில் ஒரு வயல் கதிர் விடும், பக்கத்து வயல் அப்போதுதான் தூர் கட்டும். நடுவில் தென்னந்தோப்பு, ஓரத்தில் உவர் நிலம், அதைத் தாண்டி உப்பளம். தஞ்சாவூர் பக்கம் உள்ள வயலுக்குப் பொருந்தும் கணக்கு இங்கே அப்படியே பொருந்துமா?

இதனால்தான் வயலில் இறங்கி உண்மை நிலவரம் எடுக்கும் களப்பணி முக்கியம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும், அவர்கள் மாதிரி விவரம் எடுத்த வயல்களில் கடைமடை வயல்கள் எத்தனை என்பது தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பந்தியில் முதல் இலையைப் பார்த்து விட்டு கடைசி இலைக்கும் சாப்பாடு முடிந்தது என்று சொன்ன கதை ஆகி விடும்.

குத்தகைதாரர் நிலைமை இன்னும் மோசம். பட்டா ஒருவர் பெயரில், பாடுபடுவது இன்னொருவர். அடையாள எண் நிலத்தோடு இணைக்கப்படும்போது, வாய்மொழி குத்தகையில் பயிர் செய்கிறவர் கம்ப்யூட்டர் கணக்கில் எங்கே இருப்பார் என்பது பெரிய கேள்வி.

மாணவர்கள் வயலில் இறங்கிய கதை

களப்பணிக்கு ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2024 நவம்பரில் தமிழகம் பார்த்தது. டிஜிட்டல் பயிர் சர்வேயில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நேரில் போய் செல்போனில் படம் எடுத்து பதிவு செய்ய வேண்டும். ஆள், கருவி, கூலி இல்லாமல் கூடுதல் வேலையா என்று கிராம நிர்வாக அலுவலர்கள் எதிர்ப்பு தெரிவித்தார்கள். உடனே வேளாண் கல்லூரி மாணவ-மாணவிகளை இறக்கி விட்டார்கள். சேறும் பாம்புமாகக் கிடக்கும் வயலில் படிக்கிற பிள்ளைகளை அனுப்புவதா என்று அரசியல் தலைவர்கள் கண்டனம் தெரிவித்தனர்.

மென்பொருளுக்குக் கோடிகளில் பணம் ஒதுக்குகிறவர்கள், வயலில் இறங்குகிற காலுக்கு கூலி ஒதுக்க மறந்ததன் விளைவு இது.

உள்ளூர் இளைஞர்களுக்கு வாய்ப்பு உண்டா?

பட்டுக்கோட்டை பக்கம் கம்ப்யூட்டர் படித்து விட்டு சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போகிற இளைஞர்கள் ஏராளம். இந்த டெண்டரை அவர்களே எடுக்க முடியுமா?

நேரடியாக எடுப்பது சுலபம் இல்லை. தமிழகத்தில் அரசு கொள்முதல் 1998-ம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி நடக்கிறது. பெரிய வேலைகளில் வழக்கமாக தொழில்நுட்பத் தகுதி, விலை என்று இரண்டு கவர். தகுதி கவரில் முந்தைய அனுபவம், ஆண்டு விற்றுமுதல் கேட்பார்கள். அங்கேயே சின்ன கம்பெனிகள் கழன்று விடும். மிஞ்சியவர்களில் விலை குறைவாகக் கேட்டவருக்குத்தான் வேலை.

ஆனால் கதவு முழுசாக மூடி விடவில்லை. மத்திய அரசு துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் 25 சதவீத கொள்முதலை குறு, சிறு நிறுவனங்களிடம் செய்ய வேண்டும் என்பது கொள்கை. இதில் 4 சதவீதம் எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்கும், 3 சதவீதம் பெண்களுக்கும் ஒதுக்கீடு. டேவணித்தொகை கட்டுவதிலும் விலக்கு உண்டு. "உத்யம்" பதிவு இலவசம். 2016-ல் தொடங்கிய "ஜெம்" இணையச் சந்தையிலும் பதிவு செய்து கொள்ளலாம். இடையில் யாராவது "பதிவு பண்ணித் தர்றேன், டெண்டர் வாங்கித் தர்றேன்" என்று பணம் கேட்டால் உஷாராக இருப்பது நல்லது.

பெரிய கம்பெனியிடம் களப்பணியை உள்-ஒப்பந்தமாக எடுப்பது இன்னொரு வழி. அப்போது வயலுக்கு எவ்வளவு, பெட்ரோல் யார் செலவு, பணம் எப்போது வரும் என்பதை எழுத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும்.

விவரம் யார் சொத்து?

ஆதார் எண், பட்டா, வங்கிக் கணக்கு, செல்போன் எண் என்று விவசாயியின் ஜாதகமே கம்ப்யூட்டரில் ஏறுகிறது. 2020-ல் கொரோனா நேரத்தில் கேரள அரசு ஸ்பிரிங்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு டெண்டர் இல்லாமல் வேலை கொடுத்தது பெரிய புயலைக் கிளப்பியது. ஏப்ரல் 24-ந் தேதி கேரள ஐகோர்ட்டு, பெயர் அடையாளங்களை நீக்கிய பிறகே நோயாளிகள் விவரத்தை நிறுவனத்துக்குத் தர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது.

2021-ல் தமிழக பொது வினியோகத் திட்டத்தில் உள்ள சுமார் 49 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்ததாக ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் தெரிவித்து பரபரப்பு ஏற்பட்டது. தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகின.

விவசாயி என்ன செய்யலாம்?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. வயல் நீரில் மூழ்கினால் தனி வயல் அளவில் இழப்பீடு தரும் வசதியை நெல்லுக்கு 2018-ல் நீக்கினார்கள். 2026 காரிப் பருவம் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. ஆனால் 72 மணி நேரத்துக்குள் ஆப் மூலம், இடம் பதிவாகும் போட்டோவுடன் தெரிவிக்க வேண்டும். கரண்டும் டவரும் போன புயல் நேரத்தில் 3 நாளுக்குள் படம் ஏற்றுவது எப்படி என்பதை அதிகாரிகள் இப்போதே யோசிக்க வேண்டும்.

பயிர் அறுவடை பரிசோதனை நடக்கும் நாளில் ஊர் விவசாயிகள் போய் நிற்பது நல்லது. எடை போடும்போது பார்த்து, குறித்து வைத்துக் கொள்ளலாம். தங்கள் கிராமத்தின் உத்தரவாத மகசூல் எவ்வளவு, எடை போட்ட மகசூல் எவ்வளவு, செயற்கைக்கோள் சொன்னது எவ்வளவு என்ற 3 எண்களையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

அரசு தரப்பில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. டெண்டர் எடுத்த கம்பெனி எது, இந்தக் கிராமத்தில் எத்தனை வயல் பார்த்தார்கள், கணக்கு தப்பென்றால் யாரிடம் மனு கொடுப்பது என்று கூட்டுறவு சங்க வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் போதும். வானத்தில் இருந்து பார்க்கிற கம்பெனிக்கும் தரையில் ஒரு முகவரி இருக்க வேண்டும் என்பதே கடைமடை விவசாயிகளின் எதிர்பார்ப்பு.