எப்பக்கத்தாற் புறப்படுவது?

டென்மார்க்கு தேசத்திற் குடியேறிய நம்மவர் பலர். கோடை விடுமுறையில் துவிச்சக்கர வண்டியேறிப் பல நாட்கள் கிராமப்புறங்களை வலம் வருவது அந்நாட்டில் சாதாரண வழக்கம். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியிற் கொடி நாட்டியிருந்த அதே டேனியரின் நாடுதான் அது. அங்கு இயற்கையாய் அமைந்த ஆகவுயர்ந்த மேடு 171 மீற்றரைத் தாண்டவில்லை. தேசிய சைக்கிள் பாதைகளுக்கு இலக்கமிட்டு மூலைக்கு மூலை பலகை நாட்டியிருக்கின்றனர். தாரும் கிறவலும் காட்டுத் தடமும் மாறி மாறி வரும். பயணத்தைத் திட்டமிடுவோருக்குப் பெருங்கவலை மேற்குக் காற்று ஒன்றே. ஆனி மாதத்தில் இரவு பத்து மணியளவில்தான் பொழுது சாயும். ஆகையால் வழி தவறினும் பகல் கைவிடாது.

கிராண்ட்பாசில் வாழும் நமக்கு அந்தப் பலகைகளும் இல்லை, அவ்வளவு நீண்ட பகலும் இல்லை. ஆயினும் வட்டப் பயணத்துக்கு வழி இல்லாமற் போகவில்லை. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்த காலத்தில் வாங்கிய வண்டிகள் பல வீடுகளிற் சுவரோரம் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றைத் துடைத்தெடுக்கும் மாணவர்களுக்கு நாம் சொல்லும் பாதை இது: களனி கங்கையைக் கடந்து கடவத்தை, கம்பஹா, மினுவாங்கொடை வழியாக நீர்கொழும்பு, அங்கிருந்து கடலோரமாய்ப் பமுனுகம, பின்னர் ஹமில்டன் கால்வாய்க் கரையால் ஹெந்தளை, வத்தளை, வீடு. ஏறத்தாழ 90 கிலோமீற்றர். கிராண்ட்பாஸ் என்ற பெயரே ஆற்றைக் கடக்கும் பெருந்துறையைக் குறிப்பது. 1895இல் விக்டோரியா பாலம் திறக்கப்படும் வரை ஓடங்களைப் பிணைத்த மிதவைப் பாலத்தாலேயே மக்கள் அக்கரை சென்றனர். புறப்படுவதற்கு இதனிலும் பொருத்தமான இடம் வேறேது?

இவ்வட்டத்தை எப்பக்கத்தாற் சுற்றுவது என்பதே கேள்வி. யாரைக் கேட்டாலும் கால்வாய்க் கரையை முதலிற் காட்டுவர். அழகானது அன்றோ! காலைப் பொழுதிற் கொக்கும் நாரையும் காணலாம். கால் சோராதபோதே மணலை மிதித்து முடித்துவிடலாம். இவையெல்லாம் உண்மையே. எனினும் நாம் அதற்கு உடன்படோம். அப்படிப் போனால் கண்டி வீதியின் இருபத்தைந்து கிலோமீற்றரும் மாலையில் வந்து சேரும். ஞாயிறு மாலை கண்டிப் பக்கத்திலிருந்து கொழும்புக்குத் திரும்பும் பஸ்களும் லொறிகளும் முட்டி மோதும் வேளையில், களைத்துப்போன பதினாறு வயதுப் பிள்ளை வீதியோரத்தில் தள்ளாடித் தள்ளாடி வருவதை எந்தத் தாய் பொறுப்பாள்? அழகைப் பார்த்து வழியை அடுக்குதல் கூடாது. ஆபத்தைப் பார்த்தே அடுக்குதல் வேண்டும்.

ஆகவே காலை ஆறு மணிக்கு முன்விளக்கும் பின்விளக்கும் எரியக் கண்டி வீதியிற் புறப்படுக. வீதி அப்போது வெறுமையாய்க் கிடக்கும். மணிக்குப் பதினான்கு கிலோமீற்றர் வீதம் மிதித்தால் எட்டு மணிக்குக் கம்பஹா. அங்கே ஹெனரத்கொடைத் தாவரவியற் பூங்காவில் ஒரு மணி நேரம் இளைப்பாறலாம். இலண்டன் கியூ பூங்காவிலிருந்து வந்த றப்பர் நாற்றுக்கள் 1876இல் நடப்பட்ட இடம் அது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து டன்லப் என்பார் காற்றடைத்த சைக்கிள் ரயரைச் செய்தார். அதன் பின்னரே உலகம் றப்பருக்கு அலையத் தொடங்கியது. சைக்கிளில் வருவோர் அம்மரங்களுக்கு ஒரு வணக்கம் செலுத்துவதிற் பிழையில்லை.

கம்பஹாவிலிருந்து மினுவாங்கொடை வழி நீர்கொழும்புக்கு இரண்டே கால் மணி நேரம். வெயில் உச்சிக்கு ஏறுமுன் சேர்ந்துவிடலாம். 1678 என்ற ஆண்டைத் தாங்கிய ஒல்லாந்தர் கோட்டை வாயிலைப் பார்த்துவிட்டு, நிழல் தேடி உண்டு, இரண்டு மணி வரை இருத்தல் வேண்டும். கடற்றொழில் செய்யும் மூத்தோர் வாயில் அவ்வூருக்கே உரிய ஒரு தமிழைக் கேட்கும் பேறும் கிட்டலாம்.

இரண்டு மணிக்கு, இப்பயணத்தின் ஒரே தீர்மானத்தைச் செய்தல் வேண்டும். நீர்கொழும்பை விட்டுப் பிட்டிப்பனை, தலாஹேனப் பக்கம் இறங்கிவிட்டால் ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. புகையிரதப் பாதையோ களப்பின் அப்புறத்தே, கட்டுநாயக்கா, சீதுவை, ஜா-எல வழியாகச் செல்கிறது. பமுனுகம வரும்வரை அதனை எட்ட வழியில்லை. எனவே கூட்டத்தில் ஆகப் பின்தங்கி வந்தவரைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். முன்னே பறந்தவரைப் பார்த்தன்று. அவருக்கு முழங்கால் நோவென்றால் எல்லோரும் அவருடன் புகையிரத நிலையத்துக்கே போதல் முறை. சைக்கிளை எந்த வண்டியில் ஏற்றலாம் என்பதை முதல் வாரமே விசாரித்து வைத்திருக்க வேண்டும். 2013இல் திறந்த கட்டுநாயக்கா அதிவேகப் பாதை கண்ணுக்கெதிரே கிடக்கும். அதில் சைக்கிளுக்கு இடமில்லை.

எல்லோரும் தேறியிருந்தால் தெற்கே திரும்பலாம். பமுனுகம கடந்து கால்வாய்க் கரையை அடைந்ததும் ரயரிற் சிறிது காற்றை இறக்கிவிடுக, மணலிற் புதையாது. கைப்பம்பு இருந்தால் வத்தளையில் மீண்டும் அடித்துக்கொள்ளலாம். முத்துராஜவெலச் சதுப்பிலிருந்து உவர்நீரை வடிக்கவென ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த கால்வாய் அது. கரையிலே வீட்டு வாசல்கள், வலை உலர்த்துவோர், விளையாடும் குழந்தைகள். மணி அடித்து விரட்டாமல் இறங்கி உருட்டிச் செல்வதே மரியாதை. மணிக்குப் பத்துக் கிலோமீற்றரென வைத்தாலும் ஐந்து மணியளவில் வீடு. தை, மாசியில் ஆறேகால் மணியளவிற் பொழுது சாயும். ஆகவே ஒரு மணி நேரம் கையிலுண்டு. பஞ்சர் ஒட்டுவதற்கு அது போதும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்று முகத்திலடிக்கும். அந்த ஒரு மணி நேரத்தை அது தின்றுவிடும். அம்மாதங்களில் இவ்வழி வேண்டாம்.

முதல் நாட் சாயந்தரம், நம் நாகலகம் வீதியிலுள்ள ஆற்று நீர்மட்ட அளவை அறிந்துகொள்ளுதல் நன்று. அங்கு 4 அடி எச்சரிக்கை, 5 அடி சிறுவெள்ளம், 7 அடி பெருவெள்ளம். நான்கைத் தொட்டிருந்தால் துடைத்த வண்டியைத் திரும்பவும் சுவரிற் சாய்த்துவிட்டு, அடுத்த ஞாயிற்றைப் பார்க்க வேண்டியதுதான்.